கஸ்காஸ்கியா, இல்லினாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், மிசிசிப்பி ஆற்றோரம் உள்ள சிற்றூர் கஸ்காஸ்கியா. இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரம். இன்று சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்கள், ஒரு கத்தோலிக்கக் கோயில், ஒரு மணி, சில வீடுகள். இந்த ஊரைப் பற்றி எழும் குழப்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: 1881க்கு முன் நடந்ததை இன்றைய வரைபடத்தில் தேடுகிறார்கள். பழைய ஆற்றின் போக்கு ஒன்று, இன்றைய போக்கு ஒன்று என இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கஸ்காஸ்கியா என்ற பெயரில் எத்தனை இடங்கள் இருக்கின்றன?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கஸ்காஸ்கியா என்பது ஒரு மக்களின் பெயர். இல்லினாய் கூட்டமைப்பைச் சேர்ந்த பழங்குடியினர். அவர்கள் பெயரால் ஓர் ஆறு இருக்கிறது. இல்லினாய் மாநிலத்துக்குள்ளேயே ஓடி மிசிசிப்பியில் கலக்கிறது. உள்ளூரில் அதை ‘ஓகா’ என்றும் சொல்வார்கள். ‘கஸ்காஸ்கியர்களிடம்’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொற்றொடரின் முன்பாதி தேய்ந்து வந்த பெயர் அது. கிழக்குக் கரைக் குன்றின் மேல் கஸ்காஸ்கியா கோட்டை இருக்கிறது. எதிரே, மிசிசிப்பியின் மேற்கில், கஸ்காஸ்கியா தீவும் அதில் கஸ்காஸ்கியா ஊரும் இருக்கின்றன. சென்ட்ரேலியாவில் உள்ள கஸ்காஸ்கியா கல்லூரிக்கும் இந்த ஊருக்கும் பெயர் ஒன்றே தவிர வேறு சம்பந்தமில்லை.

இல்லினாய் மாநிலம் மிசிசிப்பிக்குக் கிழக்கே அல்லவா இருக்கிறது? இந்த ஊர் மட்டும் எப்படி மேற்கே போனது?

ஊர் போகவில்லை. ஆறுதான் போனது.

பழைய படத்தில் கஸ்காஸ்கியா ஆறு வடகிழக்கிலிருந்து வந்து, மிசிசிப்பிக்கு ஏறத்தாழ இணையாகத் தெற்கே ஓடி, பிறகே அதில் கலந்தது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நீண்ட நாக்கு போலத் தாழ்ந்த வண்டல் நிலம் கிடந்தது. அந்த நாக்கின் மேல், கஸ்காஸ்கியா ஆற்றின் மேற்குக் கரையில் ஊர் இருந்தது. வடக்கே நாக்கின் கழுத்து குறுகலானது. மிசிசிப்பி ஒவ்வொரு வெள்ளத்திலும் அந்தக் கழுத்தை மேற்கிலிருந்து அரித்துக்கொண்டே வந்தது.

1881 ஏப்ரல் வெள்ளத்தில் கழுத்து அறுந்தது. மிசிசிப்பி உடைத்துக்கொண்டு கஸ்காஸ்கியா ஆற்றுக்குள் பாய்ந்து, அந்த ஆற்றின் கடைசி 10 மைல் தடத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மிசிசிப்பியோடு ஒப்பிட்டால் அது வாய்க்கால் அளவுத் தடம். அவ்வளவு நீரை அது தாங்குமா? இரு பக்கமும் கரையைத் தின்று அகலமானது. ஊர் அந்தக் கரையில்தான் இருந்தது. ஒரே நாளில் மூழ்கிப்போனதாக நினைப்பது தவறு. கரை சரியச் சரிய, தெரு தெருவாக, அடுத்த 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஆற்றில் விழுந்தது. மேற்கில் இருந்த பழைய மிசிசிப்பித் தடம் தூர்ந்து, இன்று ‘பழைய ஆறு’ என்ற பெயரில் ஒடுங்கிய நீர்நிலையாகக் கிடக்கிறது. அதன் கரையில் படகுத்துறையாக இருந்த மிசூரி மாநிலத்து செயின்ட் மேரி ஊர், அதே வெள்ளத்தால் தன் ஆற்றை இழந்தது.

கரை ஏன் அவ்வளவு பலவீனமாக இருந்தது?

வண்டல் கரையைப் பிடித்து வைத்திருப்பது மரத்தின் வேர். 19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பியில் நீராவிப் படகுகள் பெருகின. அவற்றுக்கு விறகுதான் எரிபொருள். கரையோரக் காடுகளை வெட்டி, விறகுக்கட்டுகளைத் துறைகளில் அடுக்கி விற்றார்கள். காடு போன இடத்தில் வேர் மக்கியது. வேர் மக்கிய இடத்தில் கரை சரிந்தது. செயின்ட் லூயிசுக்கும் ஒஹாயோ கலக்கும் இடத்துக்கும் இடையே ஆறு அகலமாகவும் ஆழம் குறைந்தும் போனது. சரிந்து விழுந்த மரங்கள் தடத்தில் செருகி நின்று, படகுகளின் அடிப்பலகையைக் கிழித்தன.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழங்குடி இளைஞர் ஒருவர் சாகும்போது இட்ட சாபத்தால் ஊர் அழிந்தது என்ற கதையைப் பலரும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். கதையாகப் படிக்கலாம். காரணம் தேடுபவர்கள் கரையையும் கோடாலியையும் பார்க்க வேண்டும்.

ஆறு இடம் மாறினால் மாநில எல்லையும் மாற வேண்டாமா?

எப்படி மாறியது என்பதைப் பொறுத்தது. ஆறு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கரையை அரித்து எதிர்க்கரையில் மண்ணைச் சேர்த்தால் எல்லையும் அதோடு நகரும். ஒரே பாய்ச்சலில் உடைத்துக்கொண்டு வேறு தடத்தில் ஓடினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892ல் நெப்ராஸ்காவுக்கும் அயோவாவுக்கும் இடையிலான வழக்கில் இந்த விதியை உறுதிசெய்தது. 1877ல் மிசூரி ஆறு ஒரு வளைவை வெட்டிக்கொண்டு ஓடியதால் வந்த வழக்கு அது. அதனால்தான் கார்ட்டர் லேக் என்ற ஊர் இன்றும் ஆற்றுக்கு ‘அந்தப் பக்கம்’ அயோவாவில் இருக்கிறது.

கஸ்காஸ்கியாவில் நடந்ததும் பாய்ச்சல்தான். ஆகவே இல்லினாய், மிசூரி எல்லை பழைய ஆற்றோடு போகிறது. தீவு இல்லினாயின் ராண்டால்ஃப் கவுண்டிக்கு, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுக்கு, சொந்தம்.

அன்றாட வாழ்க்கையில் இது எப்படித் தெரிகிறது?

சாலையைப் பராமரிப்பது இல்லினாய். ஓட்டு இல்லினாயில். தொலைபேசியின் பகுதி எண் 618, அதுவும் இல்லினாய். ஆனால் அஞ்சல் எண் மட்டும் 63673. அது மிசூரியின் செயின்ட் மேரிக்கு உரியது. முகவரியை வைத்துத் தரவுகளைத் தொகுப்பவர்கள் இந்த ஊரை மிசூரி கணக்கில் போட்டுவிடுவது இதனால்தான். கவுண்டித் தலைமையிடமான செஸ்டர் நேர்கோட்டில் அருகே இருக்கிறது; சாலையில் போக வேண்டுமானால் இன்னொரு மாநிலத்துக்குள் புகுந்து, மிசிசிப்பியைப் பாலத்தில் கடந்து திரும்ப வேண்டும்.

ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2000ல் 9, 2010ல் 14, 2020ல் 21. இவ்வளவு சிறிய எண்களை வைத்து வளர்ச்சி விகிதம் போடக் கூடாது. 2020 கணக்கெடுப்பில் தனியுரிமையைக் காக்க, மாநில மொத்தத்துக்குக் கீழான எண்ணிக்கைகளில் வேண்டுமென்றே சிறு மாற்றங்கள் சேர்க்கப்பட்டன; 21 என்பது அசல் தலைக்கணக்கிலிருந்து சற்று விலகி இருக்கலாம். மேலும் இந்த எண் ஊர் எல்லைக்குள் மட்டும். தீவின் பண்ணை வீடுகள் எல்லாம் அதற்குள் வராது.

ஊர் எப்போது, யாரால் உண்டானது?

1703ல். அதற்கு முன்பே ஊருக்கு ஒரு நீண்ட நடை இருக்கிறது. 1675ல் ஏசு சபைப் பாதிரியார் ழாக் மார்க்கெத், வடக்கே இல்லினாய் ஆற்றங்கரையில் இருந்த கஸ்காஸ்கியர்களின் பேரூரில் ஒரு மறைப்பணித்தளம் தொடங்கினார். பிறகு அந்த மக்கள் தெற்கே நகர்ந்து, இன்றைய செயின்ட் லூயிஸ் அருகே சில ஆண்டுகள் தங்கி, 1703ல் இங்கே வந்தார்கள். பாதிரியார் காப்ரியேல் மாரே உடன் வந்தார். பிரெஞ்சு வணிகர்களும் உழவர்களும் கூடவே குடியேறினார்கள்.

வண்டல் நிலத்தில் கோதுமை நன்றாக விளைந்தது. மாவு படகுகளில் நியூ ஆர்லியன்சுக்குப் போனது. அந்த வயல்களில் உழைத்தவர்களில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களும் பழங்குடியினரும் இருந்தார்கள். ஊரின் சொத்துப் பட்டியல்களில் மாடு, கலப்பை, கொப்பரைக்கு நடுவே மனிதர்களின் பெயர்களும் விலையோடு எழுதப்பட்டிருக்கின்றன. கஸ்காஸ்கியாவின் செழிப்பைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 1787ன் வடமேற்குச் சட்டம் அடிமைமுறையைத் தடைசெய்த பிறகும், பழைய பிரெஞ்சுக் குடிகளின் ‘உடைமை’ என்ற பெயரில் அது இங்கே தொடர்ந்தது.

ஊருக்குப் பெயர் கொடுத்த மக்கள் இப்போது எங்கே?

1803ல் வின்சென்ஸ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் கஸ்காஸ்கியர்கள் இன்றைய இல்லினாயின் பெரும்பகுதி நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். 1832க்குப் பின் கான்சாஸ், பிறகு ஓக்லஹோமா என்று மேற்கே தள்ளப்பட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று ஓக்லஹோமா பியோரியா பழங்குடியின் அங்கம்; அதன் தலைமையிடம் ஓக்லஹோமாவின் மயாமி நகரம்.

அமெரிக்க விடுதலைப் போரில், 1778ல், அமெரிக்கப் படை பிடித்தது குன்றின் மேல் உள்ள கோட்டையையா?

இல்லை. மிகப் பரவலான தவறு இது. குன்றின் மேல் இருந்தது 1759 வாக்கில் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய மண், மரக் கோட்டை. 1766ல், பிரிட்டிஷார் கையில் போய்விடக் கூடாது என்று ஊர்மக்களே அதை அழித்தார்கள். பிரிட்டிஷ் படை 1772ல் ஊருக்குள் வந்தபோது, ஏசு சபையினரின் பழைய வளாகத்தைச் சுற்றி வேலி அடித்து ‘கேஜ் கோட்டை’ என்று பெயரிட்டுக்கொண்டது.

அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் சுமார் 175 பேருடன் ஒஹாயோ ஆற்றில் வந்து, மாசாக் கோட்டை அருகே படகுகளை விட்டு, தரைவழியே நடந்து 1778 ஜூலை 4 இரவு இங்கே நுழைந்தார். ஒரு குண்டுகூடச் சுடாமல் ஊர் கைமாறியது. பிரிட்டனுக்காக ஊரை நிர்வகித்தவரும் பிரெஞ்சுக்காரரே, ஃபிலிப் தெ ரோஷ்பிளாவ். பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டணி சேர்ந்த செய்தியைக் கிளார்க் சொன்னதும், பாதிரியார் பியேர் ஜிபோ மக்களை அவர் பக்கம் திருப்பினார்.

ஊரின் பழைய கோயில் மணி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1741ல் பிரான்சின் லா ரொஷெல் நகரில் வார்க்கப்பட்டது. பதினைந்தாம் லூயி மன்னரின் கொடை. எடை சுமார் 650 பவுண்டு, அதாவது 295 கிலோ. அதன் மேல் உள்ள பிரெஞ்சு எழுத்து, ‘இல்லினாய்களின் கோயிலுக்காக, நீருக்கு அப்பாலுள்ள அரசரால்’ என்ற பொருள் தருகிறது. கிளார்க் வந்த நாளில் ஒலித்ததால் ‘மேற்கின் விடுதலை மணி’ என்ற பெயர் வந்தது. உடலில் விரிசல் விழுந்திருப்பதால் இப்போது அடிப்பதில்லை. கோயிலுக்கு அருகே 1948ல் கட்டிய சிறு செங்கல் மண்டபத்தில், மாநில நினைவிடமாக இருக்கிறது. பக்கத்தில் உள்ள அமலோற்பவ மாதா கோயில் 1843ல் பழைய ஊரில் கட்டியது. ஆறு நெருங்கியபோது, 1893ல், பிரித்து எடுத்து வந்து இங்கே திரும்பக் கட்டினார்கள்.

தலைநகரம் எத்தனை நாள் நீடித்தது?

1809 முதல் இல்லினாய் ஆட்சிப்பகுதிக்கும், 1818 டிசம்பர் 3 முதல் மாநிலத்துக்கும் தலைநகர். 1820ல் வண்டேலியாவுக்குப் போய்விட்டது. சட்டமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. நாளுக்கு 4 டாலர் வாடகைக்கு எடுத்த இரண்டு மாடிக் கட்டடத்தில் கூடினார்கள். அந்தக் கட்டடமும் ஆற்றில் போனது. 1844 வெள்ளத்துக்குப் பிறகு கவுண்டித் தலைமையிடமும் 1848ல் செஸ்டருக்கு மாறியது.

பழைய நில ஆவணங்களை எப்படிப் படிப்பது?

இங்கே இரண்டு அளவை முறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

முதலாவது பிரெஞ்சு முறை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றோரத்திலிருந்து உள்ளே நீளும் நாடா போன்ற நிலம். எல்லாருக்கும் நீர், வண்டல், மேடு மூன்றிலும் பங்கு கிடைக்க அப்படிப் பிரித்தார்கள். மாடு மேய்க்கவும் விறகுக்கும் பொதுநிலம் தனியே இருந்தது. அளவு ‘ஆர்பா’. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஆர்பா என்பது நீளத்துக்கும் பெயர், பரப்புக்கும் பெயர். நீளமாக 1 ஆர்பா சுமார் 192 அடி. பரப்பாக 1 ஆர்பா சுமார் 0.85 ஏக்கர். ‘1 ஆர்பா முகப்பு, 40 ஆர்பா ஆழம்’ என்றிருந்தால் நிலம் 40 சதுர ஆர்பா, அதாவது 34 ஏக்கர். ‘2 ஆர்பா நிலம்’ என்று மட்டும் இருந்தால் முகப்பைச் சொல்கிறதா பரப்பைச் சொல்கிறதா என்று முன்பின் வரிகளைப் பார்க்காமல் முடிவுசெய்யாதீர்கள். பெரும்பாலும் முகப்புதான்.

இரண்டாவது அமெரிக்க அரசின் சதுரக் கட்டம். இதற்கான நில அலுவலகத்தைக் கஸ்காஸ்கியாவில் தொடங்க 1804லேயே சட்டம் வந்தது. 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதில் 36 செக்ஷன். ஒரு செக்ஷன் 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, மாடு ஏர் உழுவதுபோல மடங்கி மடங்கி 36ல் முடியும். 16ஆம் செக்ஷன் பள்ளிக்கு ஒதுக்கியது. அளந்த கருவி 66 அடி குண்டர் சங்கிலி. மதராஸ் மாகாணத்தின் பழைய நில அளவையிலும் புழங்கிய அதே சங்கிலி. 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

பத்திரத்தில் ‘தென்கிழக்குக் கால்பகுதியின் வடமேற்குக் கால்பகுதி’ என்று வந்தால் பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள்: முதலில் செக்ஷனின் தென்கிழக்கு 160 ஏக்கர், அதற்குள் வடமேற்கு 40 ஏக்கர். ஆங்கில மூலத்தில் இதே வரி சிறியதில் தொடங்கி எழுதப்பட்டிருக்கும். அதனால் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். கட்டம் போட்டவர்கள் பிரெஞ்சு நாடாக்களை அழிக்கவில்லை. அவற்றுக்குத் தனி உரிமைகோரல் எண் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் சதுரமாக்கினார்கள். ராண்டால்ஃப் கவுண்டிப் படத்தில் ஆற்றோரக் கோடுகள் சாய்ந்து கிடப்பது இதனால்.

முன்னோரைத் தேடுபவர்கள் எங்கே தொடங்குவது?

‘கஸ்காஸ்கியா கையெழுத்துப்படிகள்’ என்ற தொகுப்பில். 1714 முதல் நூறாண்டுக்கு மேல் எழுதிய பிரெஞ்சு ஆவணங்கள்: திருமண ஒப்பந்தம், நில விற்பனை, இறந்தவரின் சொத்துப் பட்டியல். செஸ்டர் நீதிமன்றத்துக்கு உரியவை, நுண்படச்சுருளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பகுதி எண். எடுத்துக்காட்டாக 48:5:12:1 என்பது 1748 மே 12 அன்றைய முதல் ஆவணம். நூற்றாண்டு எழுதப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

‘பாரிஸ் வழக்காறு’ என்ற பிரெஞ்சுச் சட்டப்படி கணவன், மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து இருந்ததால் ஒருவர் இறந்ததும் விரிவான பட்டியல் போட்டார்கள். ஒரு குடும்பத்தை அறிய அதைவிட நல்ல சான்று கிடைக்காது. பெயரில்தான் சிக்கல். பலருக்குக் குடும்பப் பெயரோடு ‘என்கிற’ பெயரும் உண்டு. மகன் ஒரு பெயரிலும் அவர் தம்பி இன்னொரு பெயரிலும் பதிந்திருப்பார்கள். இரண்டையும் தேடுங்கள். ஞானஸ்நானப் பதிவுகள் 1695ல், அதாவது ஊர் இங்கே வருவதற்கு முன்பே தொடங்குகின்றன. ஆகவே முதல் சில ஆண்டுப் பதிவுகளில் பிறப்பிடத்தைக் கஸ்காஸ்கியா என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய கல்லறைகள் என்ன ஆயின?

ஆறு கல்லறைத் தோட்டத்தை நெருங்கியபோது, 1890களின் தொடக்கத்தில், மாநிலத்தின் பணத்தில் 3,000க்கும் மேற்பட்டோரின் எச்சங்களைத் தோண்டி எடுத்து, கிழக்குக் குன்றில் கோட்டைக்கு அருகே கேரிசன் ஹில்லில் மறுபடி அடக்கம் செய்தார்கள். பெரும்பாலோருக்குத் தனிப் பெயர்க்கல் இல்லை.

1993ல் என்ன நடந்தது? இப்போது கரை பாதுகாப்பானதா?

தீவைச் சுற்றி வெள்ளத்தடுப்புக் கரை இருக்கிறது. 1993 ஜூலையில் அது உடைந்து தீவு முழுவதும் நீரில் மூழ்கியது. ஆகஸ்டில் செஸ்டர் அளவுகோலில் ஆறு 49.7 அடியைத் தொட்டது. அங்கே 27 அடியிலேயே வெள்ளநிலை தொடங்கிவிடும்.

கரையின் மேல் நீர் வழிந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். மணற்பாங்கான அடிநிலத்தில் ஆபத்து கீழிருந்து வருகிறது. வெளியே நீர் உயர உயர, அழுத்தம் கரைக்கு அடியில் உள்ள மணல் வழியாக உள்பக்கம் ஊற்றாகக் கிளம்பும். தெளிந்த நீர் வந்தால் கண்காணித்தால் போதும். ஊற்றின் வாயில் மணல் கூம்பாகக் குவிந்தால், கரையின் அடி காலியாகிறது என்று அர்த்தம். அப்போது ஊற்றை மண் போட்டு அடைப்பது பெரும் தவறு. நீர் பக்கத்தில் வேறு வாய் திறக்கும். சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீர் மட்டம் உயர விட வேண்டும். மணல் வருவது நின்று தெளிந்த நீர் மட்டும் வழியும் உயரத்தில் நிறுத்த வேண்டும். மூட்டைகளைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, வாயைக் கட்டாமல் மடித்து, மடிப்பு அடியில் வருமாறு வைத்து மிதித்தால்தான் இடைவெளி அடையும். முழுக்க நிரப்பிய மூட்டை உருளைக்கல் மாதிரி நிற்கும். நீர் இடுக்கில் போகும். எந்தக் கரையும் ஒரு குறிப்பிட்ட உயரம்வரைதான் காப்பு.

எப்படிப் போவது?

மிசூரியில் 61ஆம் நெடுஞ்சாலையில் செயின்ட் மேரிக்கு வந்து, அங்கிருந்து பழைய ஆற்றின் மேல் உள்ள பாலத்தைக் கடந்தால் தீவு. வேறு தரைவழி இல்லை. இல்லினாய்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் செஸ்டர் பாலத்தில் கடக்கலாம். அல்லது மோடாக்கிலிருந்து செயின்ட் ஜெனவீவுக்குப் போகும் படகுத்துறையில் காரோடு கடக்கலாம். ஆறு மிக உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ படகு ஓடாது. அன்று காலையில் விசாரித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வெறுமனே கஸ்காஸ்கியா என்று தட்டினால் கோட்டைக்குக் கொண்டுபோய் விடக்கூடும். செயின்ட் மேரியை முதல் நிறுத்தமாகக் குறித்துக்கொள்வது நல்லது. எரிபொருள், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் பாலத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் இரண்டு பக்கத்தையும் பார்ப்பதானால் கிழக்கில் தொடங்குங்கள். குன்றடியில், மாநிலத்தின் முதல் துணை ஆளுநர் பியேர் மெனார்ட்டின் வீடு நிற்கிறது. மேட்டில் இருந்ததால் தப்பியது. பிறகு கோட்டை மேட்டுக்கு ஏறி மேற்கே பாருங்கள். கீழே அகலமாக ஓடுகிறதே மிசிசிப்பி, அது பழைய கஸ்காஸ்கியா ஆற்றின் தடம். தலைநகரமாக இருந்த ஊரின் தெருக்கள் அந்த நீருக்கு அடியில் இருந்தன.